இயங்குதளம் இரண்டு

தென்காசிப் புகைவண்டி நிலையத்தினின்று மேற்கே செல்லும் இருப்புப் பாதை, செங்கோட்டையைக் கடந்து, ஆரியங்காவுக் கணவாயின் வழியே மலையை ஊடுருவிப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகின்றது. மலைக்கு இப்பால் தமிழகம், அப்பால் கேரளம். இப்பாலுள்ள பள்ளி மாணவன் ஒருவனும் அப்பாலுள்ள பள்ளி மாணவன் ஒருவனும் ஒரே வகையான கணினியின்முன் அமர்வாராயினும், திரையில் அவர்கள் காண்பன பெரும்பாலும் வேறு வேறாயிருக்கும். இப்பாலுள்ளவன் காண்பது விண்டோஸ். அப்பாலுள்ளவன் காண்பது லினக்ஸ். முன்னது ஒரு நிறுவனத்தின் தனியுரிமைப் பொருள். பின்னது எவர்க்கும் திறந்து வைக்கப்பட்ட பொருள். அன்றாட வேலைக்கு இவ்விரண்டனுள் ஏற்றது எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழிலக்கியம் பயிலும் எமக்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். விடை எளிது. எம் இல்லத்திலுள்ள ஒரே கணினிக்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களோடு ஆயுள் முடிந்ததென்று அதன் திரையிலேயே ஓலை வந்தது. அது நன்றாய் ஓடிக்கொண்டிருந்த பொழுதே வந்தமையால், அவ்வோலையை விடுத்தவர் யார், விடுப்பதற்கு அவர்க்குள்ள உரிமை யாது என்று அறிய விரும்பினோம்.

கணினியென்பது பல உறுப்புக்களின் தொகுதி. எண்ணும் உறுப்பு, நினைவிற் கொள்ளும் உறுப்பு, சேமித்து வைக்கும் வட்டு, விசைப்பலகை, திரை என்னும் இவை தாமாக ஒன்றும் அறியா. நாம் ஒரு கடிதம் எழுதப் புகின், எவ்விசை அழுத்தப்பட்டதென்று கண்டு, அதனைத் திரையில் எழுத்தாக்கி, வட்டில் ஓரிடம் ஒதுக்கி, அச்சுப்பொறிக்கு ஏவல் விடுத்து, இவையெல்லாம் ஒன்றோடொன்று முட்டாதபடி காப்பதொன்று வேண்டும். அதுவே இயங்குதளம். எழுதவும் கணக்கிடவும் படம் பார்க்கவும் உரிய பிற மென்பொருள்களெல்லாம் இதன்மேலேயே நிற்பன. ஆதலின் இயங்குதளத்தை மாற்றுதல் வீட்டில் ஒரு நாற்காலியை மாற்றுவது போன்றதன்று. தரையை மாற்றுவது போன்றதாம்.

மென்பொருளை ஆக்குவோர் முதற்கண் மனிதர் படித்தறியத்தக்க மொழியொன்றில் அதனை எழுதுகின்றனர். இதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது பொறிக்கு மட்டும் விளங்கும் எண்வரிசையாக மாற்றப்படும். தனியுரிமை மென்பொருளை விற்போர் எண்வரிசையை மட்டும் நம் கையிற் கொடுத்து, மூலநிரலைத் தம்மிடமே மறைத்து வைப்பர். நாம் வாங்குவதும் பொருளையன்று. அதனை இன்ன இன்ன கட்டுப்பாட்டோடு பயன்படுத்தலாம் என்னும் உரிமத்தையே வாங்குகின்றோம். கட்டற்ற மென்பொருளிலோ மூலநிரல் எவர்க்கும் கிடைக்கும். படிக்கலாம், திருத்தலாம், படியெடுக்கலாம், பிறர்க்கு வழங்கலாம். ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பெரியோர் பாடம் தேர்ந்த வரலாற்றை நாம் வகுப்பிற் கேட்டிருக்கின்றோம். சுவடி ஒன்றேயாய், அதுவும் பூட்டிய பெட்டியுள் இருந்திருப்பின், பிழை களைதல் பெட்டிக்குரியவனால் மட்டுமே ஆகும் செயலாய் முடிந்திருக்கும். இரு வகைக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ இத்தகையது.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1975-இல் தோன்றியது. அதன் விண்டோஸ் 1985-இல் முதன்முதல் வெளிவந்தது. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார், பூட்டிய மென்பொருளை ஒப்பாது, கட்டற்ற இயங்குதளமொன்றை ஆக்கப்போவதாக 1983-இல் அறிவித்துக் குனு என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அதற்குக் கருவாகிய பகுதியொன்று நெடுநாள் நிறைவேறாமல் நின்றது. 1991-இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் இருபத்தோராம் வயதில், அத்தகைய கரு ஒன்றைத் தாமே எழுதி உலகிற்கு விடுத்தார். அதுவே லினக்ஸ். எம்மினும் இரண்டே வயது மூத்தவர் செய்த செயல் என்பதை நினையுந்தோறும் எமக்குச் சிறிது நாணம் உண்டாகின்றது! அக்கருவைக் கொண்டு 1993-இல் டெபியனும், டெபியனைக் கொண்டு 2004-இல் உபுண்டுவும், உபுண்டுவைக் கொண்டு 2006-இல் லினக்ஸ் மின்ட்டும் எழுந்தன. நூலுக்கு உரையும், உரைக்கு உரையும் எழுவது போல்வதாம் இது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயங்குதளம் அந்நிறுவனத்தார் செய்யும் கணினிக்கே உரியதாதலின், அதனை இங்கு விடுத்துச் செல்லுகின்றோம்.

கட்டற்றதென்றால் விலையற்றதென்று பொருள்கொள்வது பெருவழக்காய் உள்ளது. ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல் வழங்குதலால் அம்மொழியார் இன்றும் இடர்ப்படுகின்றனர். தமிழில் அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டறுதல் வேறு. இலவசமாய்த் தந்து மூலநிரலை மறைப்பாரும் உளர். மூலநிரலைத் தந்து பணி செய்வதற்குப் பொருள் பெறுவாரும் உளர்.

அங்ஙனமாயின் ஆக்கியோனுக்கு ஊதியம் எங்கிருந்து வரும்? இவ்வினாவிற்குக் குற்றாலமே விடை சொல்லும். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியதற்கு மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் நிலம் அளித்தார் என்பர். அந்நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. புலவர்க்கு உரியது அவரை வந்தடைந்தது. ஆயினும் அந்நூலைப் படியெடுத்தவன் எவனும் படிக்கு இத்தனை பணமென்று அவர்க்குக் கட்டியதில்லை. லினக்ஸின் நிலையும் ஒருவாறு இதுவே. இன்று அதன் கருவை எழுதுவோருட் பெரும்பாலார் இன்டெல், கூகுள், ரெட் ஹாட் முதலிய நிறுவனங்களில் ஊதியம் பெறுவோர். அந்நிறுவனங்களுக்கு அது வேண்டியிருத்தலின் அவை பொருள் தருகின்றன. பயன் அனைவர்க்கும் ஆகின்றது. நண்பர் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் லினக்ஸேயாம். லினக்ஸை யான் தொட்டதேயில்லை என்று எம்மோடு வழக்காடிய விடுதித் தோழரொருவர் இதனைக் கேட்டபின் சிறிது நேரம் வாளா இருந்தார்.

இனி எம் இல்லத்துக் கணினிக்கு வருவோம். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எம் தமக்கையார் மேனிலைப் பள்ளியிற் பயின்ற காலத்துப் பெற்றது அது. அவர் கல்லூரிப் படிப்பு முழுவதையும் அதிலேயே முடித்தார். பின் அது எமக்கு வந்தது. அதில் தொடக்கத்திலேயே இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். பின்னது சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைக் கிளையில் டெபியனைக் கொண்டு ஆக்கப்பெற்று, 2007-இல் வெளிவந்தது. கணினியைத் திறந்தவுடன் ‘எதற்குள் புகுவாய்?’ என்று வினவும் பட்டியலொன்று தோன்றும். தமக்கையார் ஆண்டுதோறும் ஒரே வரியையே தெரிந்தனர். ‘மற்றொன்று என்ன?’ என்று யாம் ஒருமுறை கேட்டதற்கு, ‘அதைத் தொடாதே, கெட்டுவிடும் என்றார்கள்’ என்றனர். அவர் வகுப்புத் தோழியர் பலரும் அங்ஙனமே இருந்தனராம். கொடுத்த அரசு இரண்டையும் கொடுத்தது. இரண்டாவதைப் பயிற்றுவார் மட்டும் அவர்க்கு வாய்த்திலர்.

மலைக்கு அப்பால் நிகழ்ந்ததோ வேறு. கேரளத்தில் 2001-ஆம் ஆண்டு ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டம் தொடங்கிற்று. அதே ஆண்டில் திருவனந்தபுரத்தில், ஸ்டால்மன் முன்னிலையில், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகள் படிப்படியே விண்டோஸைக் கைவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017-இல் அத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸையும் அது ஆக்கி வழங்குகின்றது. அங்கே முதலில் பயிற்சி பெற்றோர் ஆசிரியர். அவர்க்குப் பின்னரே மாணவர். பாடநூலும் அவ்வியங்குதளத்தை வைத்தே எழுதப்பட்டது. அந்நூல் தமிழ்வழிப் பள்ளிகளுக்காகத் தமிழிலும் வெளிவருகின்றது. செங்கோட்டை 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 வரையில் திருவிதாங்கூர்ப் பக்கத்திலேயே இருந்த ஊர். எல்லைக்கோடு அன்று வேறு விதமாய் வீழ்ந்திருப்பின் அவ்வூர்ச் சிறுவர் அனைவரும் இன்று லினக்ஸில் வல்லுநராய் இருந்திருப்பர் போலும்! தமிழகத்தில் முயற்சியே இல்லை என்று சொல்லுதல் முறையன்று. எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டை ஒட்டித் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிற்று. கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கி வருகின்றது. ஆயினும் பள்ளிதோறும் கைபிடித்துக் காட்டும் ஆசிரியர் என்பது வேறு பொருள்.

ஒரு பொருளின் எளிமை பெரும்பாலும் அப்பொருளில் இல்லை. அதனை அறிந்தார் எத்தனைபேர் நம் தெருவில் உள்ளர் என்பதில் உள்ளது. விண்டோஸ் எளிது, லினக்ஸ் கடிது என்று தென்காசியிற் சொல்லுவதையும், புனலூர்ப் பள்ளியில் அங்ஙனம் சொல்லாமையையும் வேறெவ்வாறு விளக்குவது?

மேற்கூறிய ஓலைக்கு வருவோம். விண்டோஸ் 10 என்பது 2015-இல் வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை அந்நிறுவனம் நிறுத்திற்று. திருத்தம் நின்றதனால் கணினி நின்றுவிடாது. புதிதாய்க் காணப்படும் ஓட்டைகள் அடைபடா, அவ்வளவே. அவ்வோட்டை வழியே கள்வர் புகுதலும் கூடும். தம் கணக்கொன்றில் பதிவு செய்துகொள்வார்க்கு ஓராண்டுத் தவணையும் தந்தனர். அடுத்ததாகிய விண்டோஸ் 11 எம் கணினியில் ஏறாது. அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், அந்நிறுவனம் வகுத்த பட்டியலில் அடங்கிய எண்செயலியும் வேண்டும், 4 ஜி.பி. நினைவகம் எம்மிடம் உண்டேனும் ஏனையவை இல. மூலநிரல் அவரிடமே இருத்தலின், பழைய பொறிக்குத் திருத்தம் எழுதித் தர வேறெவராலும் ஆகாது. எந்தையார்க்கோ புதிய கணினி வாங்கும் நிலை இல்லை. ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டாவது கதவைத் திறந்து பார்ப்பதெனத் துணிந்தோம்.

எம் இல்லம் குற்றாலத்துக்குப் போகும் வழியில், இலஞ்சிக்கு அணித்தே உள்ளது. லினக்ஸ் மின்ட் 22 என்பதன் எளிய வடிவை இறக்கினோம். ஏறத்தாழ 3 ஜி.பி. அளவினதாதலின் கைப்பேசியின் ஒருநாட் பங்கு போதாது இரண்டு நாள் ஆயிற்று. அதனைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டிலுள்ள எதனையும் தொடாமலே கணினியை அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பது பலர் அறியாத வசதி. அங்ஙனம் பார்த்தபின், தமக்கையாரின் படங்களையும் எழுத்துக்களையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்துவிட்டு நிறுவினோம். (படியெடாமல் இதில் இறங்குவார்க்கு எம் அநுதாபங்கள்.) முதல் மாலையில் கம்பியில்லா இணையம் அகப்படவில்லை. தமக்கையார் எம்மை நோக்கிய நோக்கு இன்னும் நினைவில் உள்ளது. மறுநாள், கைப்பேசியை வடத்தால் இணைத்து அதன் வழியே இணையம் பெற்று, உரிய இயக்கி நிரலை இறக்கிய பின்னர் அது சரியாயிற்று. முன்னர்த் திறந்து ஆயத்தமாவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட பொறி, இப்பொழுது ஒரு நிமிடத்தில் ஆயத்தமாகின்றது. இதற்குரிய திருத்தங்கள் 2029 வரை வரும்.

அன்றாட வேலைகளுள் யாவை நடந்தன, யாவை நடந்தில? பயர்பாக்ஸ் உலாவியில் மின்னஞ்சல், தேர்வு விண்ணப்பம், காணொளிப் பாடம் யாவும் நடந்தன. இந்நாளில் வேலையிற் பெரும்பகுதி உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுகின்றது. தென்காசிக்கு அணித்தேயுள்ள மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் மென்பொருள்கள் தனியுரிமையின. எனினும் அவை உலாவியில் இயங்குவன ஆதலின், அடியிலிருப்பது எத்தளமாயினும் அவற்றுக்கு ஒன்றே. தமிழ்99 விசைப்பலகை, 1999-இல் தமிழக அரசு ஏற்றது, சில சொடுக்குகளில் அமைந்தது. இக்கட்டுரையும் அதில் எழுதியதே.

தட்டச்சிட்ட கட்டுரையை ஒருவர்க்கொருவர் அனுப்புவதில்தான் இடர் தொடங்கிற்று. லினக்ஸில் வழங்கும் லிப்ரே ஆபிஸ், மைக்ரோசாப்ட் வேர்டின் கோப்பைத் திறக்கும். ஆயினும் அட்டவணைகள் இடம்பெயரும், எழுத்துருக்கள் மாறும். அலுவலகமொன்றில் எம் விண்ணப்பத்தின் ஓரங்கள் கலைந்திருப்பதாகத் திருப்பித் தந்தனர். அதுமுதல் பி.டி.எப். ஆக்கியே கொடுக்கின்றோம்.

அதனினும் பெரிய இடர் தமிழெழுத்தில் இருந்தது. எம் சபையின் ஐயரவர்கள் பல ஆண்டாகச் சேர்த்து வைத்த பாட்டுத்தாள்களையும் ஆராதனை ஒழுங்குகளையும் ஒரு வட்டில் தந்து, ‘தம்பி, இவை உன் புதுக் கணினியில் திறக்கின்றனவா பார்’ என்றனர். திறந்தன, ஆனால் ஒரு வரியும் தமிழாயில்லை. ஆங்கில எழுத்தும் குறியும் சிதறிய குப்பையாய்க் கிடந்தது. பழைய நாளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவை வைத்தன. அவ்வெழுத்துரு உள்ள பொறியில் தமிழாய்த் தோன்றும். இல்லாத பொறியில் தோன்றாது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே தனி இடம் உண்டு. விண்டோஸ் 2000 அதனை ஏற்றது. தமிழக அரசும் 2010-இல் அதனை ஏற்று ஆணையிட்டது. எனினும் அச்சகங்களில் பழைய பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவும் இன்றும் வாழ்கின்றன.

இதனை எம் ஊரார்க்கு இருப்புப் பாதையால் விளக்கினால் உடனே விளங்குகின்றது. கொல்லம் – செங்கோட்டை – திருநெல்வேலித் தடம் 1904 முதல் மீட்டர்ப் பாதையாய் இருந்தது. அகலப் பாதை வந்த நிலையத்தில் மீட்டர்ப் பாதை வண்டி ஓடாது; மூட்டையை இறக்கி ஏற்றவேண்டும். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே வண்டிப் போக்கு 2010-இல் நின்று, அகலப் பாதையாக்கிய பின் 2018-இல் மீண்டது. பழைய எழுத்துருக் கோப்பு மீட்டர்ப் பாதை வண்டி. இக்குற்றம் விண்டோஸுக்கும் உரியதன்று, லினக்ஸுக்கும் உரியதன்று; விண்டோஸிலும் அவ்வெழுத்துரு இல்லையேல் அதே குப்பைதான். ஆயினும் பழகிய நிலையத்தை விட்டுப் பெயர்கின்றவனே அதனைக் காண்கின்றான்; ஆதலின் பழி புதிய தளத்தின்மேல் விழுகின்றது.

விலையைப் பற்றி ஒரு சொல். லினக்ஸின் சிறப்பு இலவசம் என்று பேசுவோர் உண்டு. விடுதியில் யாம் அறிந்த நண்பருள் விண்டோஸுக்குத் தனியே விலை கொடுத்தவர் எத்தனைபேர்? கணினியோடு வந்தது ஒருபுறம். கடைக்காரர் ‘போட்டுக்’ கொடுத்த கள்ளப்படி ஒருபுறம். கள்ளப்படியில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்பதை ஏற்றியவனே அறிவான். ஆகவே எம்மனோர்க்கு விலையால் வரும் வேற்றுமை சிறிது. நேர்மையால் வரும் வேற்றுமையே பெரிது. லினக்ஸும் முற்றிலும் செலவற்றதன்று. பேரருவியில் நீராடக் கட்டணமில்லை. வண்டி நிறுத்தக் கட்டணமுண்டு. ஈண்டுக் கட்டணம் நம் பொழுது.

விண்டோஸை விட்டு நீங்கலாகாதவர் யார் என்பதையும் சொல்லுதல் வேண்டும். டாலியிற் கணக்கெழுதும் கடைக்காரர், கோரல் டிராவில் விளம்பரப் பலகை செய்வோர், போட்டோஷாப்பால் வாழும் படப்பிடிப்பாளர் ஆகியோர்க்கு மாற்றம் பொருந்தாது. அவர்தம் மென்பொருள்கள் லினக்ஸுக்கென ஆக்கப்படவில்லை. வைன் என்னும் இடைநிலை மென்பொருளால் சில ஓடும், சில ஓடா. பிழைப்பை அதன்மேல் வைத்தல் தகாது. கண்பார்வையற்ற நண்பர்க்கும் யாம் விண்டோஸையே சொல்லுவோம். என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் தமிழையும் படித்துக் காட்டும், விலையும் இல்லை. வியப்பு யாதெனின், அது கட்டற்ற மென்பொருள். ஆயினும் தனியுரிமைத் தளமாகிய விண்டோஸில் மட்டுமே ஓடும். இரு கூட்டத்தாரும் பிறர் எழுதிய பக்கத்தில் தம் உரையைச் சேர்த்தே வாழ்கின்றனர் என்பதற்கு இது போதும்.

ஏனையோர்க்கு, அதாவது எழுதவும் படிக்கவும் விண்ணப்பிக்கவும் பாடம் கேட்கவும் கணினி வைத்திருக்கும் மாணவர்க்கும் இல்லத்தார்க்கும், கட்டற்ற தளம் போதுமானது என்பதே எம் முடிபு. பழைய பொறியுடையார்க்கு அது போதுமானது மட்டுமன்று, மற்று வழியே இல்லை எனலாம். ஒன்று மட்டும் முன்னே உறுதி செய்துகொள்க: இடர் வந்த மாலையில் கேட்பதற்கு, அறிந்த ஒருவர் உளரா? எமக்கு இருந்தார், எம் கல்லூரியில் இயற்பியல் பயிலும் மூத்த மாணவர் அவர். இந்த ஆண்டில் விடுதியின் ஐந்து கணினிகளுக்கு அவரும் யாமும் மின்ட் நிறுவினோம். இரண்டு மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பிவிட்டன.

ஐயரவர்களின் தாள்களை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் கிடைத்தது. ஆயினும் கொம்பும் காலும் இடம் மாறி விழுவதால் ஒவ்வொன்றையும் கண்ணால் ஒப்புநோக்க வேண்டியிருக்கின்றது. விடுமுறையில் வீடு செல்லும்போதெல்லாம் மாலையில் அமர்ந்து திருத்துகின்றோம். தமக்கையார் பழைய அச்சுத்தாளை வாசிக்க, யாம் திரையைப் பார்க்கின்றோம். இதுவரை நூற்றிருபது பாட்டுக்கள் முடிந்துள்ளன.